ரயில் ஏறாத மாமனார்

மியாவ் தேசெங்கிடம் நான் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். அதனால் அவரைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. வேறு யாராவது திட்டினால் எனக்குக் கோபம் வரும்.

ஜெங்ஜோவில் அவருக்கு ஒரு விமான டிக்கெட் கடை இருந்தது. அப்போதெல்லாம் இங்கிருந்து சியானுக்குப் பிளேனில் போகிறவன்தான் மனிதன். ரயிலில் போகிறவன் சூரியகாந்தி விதைத் தோலுக்கு நடுவே, அடுத்தவன் முழங்கையை விலாவில் வாங்கிக்கொண்டு, நின்றபடியே போகிறவன். மியாவ் கழுத்தில் டை இல்லாமல் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை. பெரிய வாடிக்கையாளர் என்றால் ஸ்கூட்டரில் தானே போய் டிக்கெட்டை இரண்டு கையாலும் நீட்டுவார். தெருவில் அவருக்குப் 'பிளேன் மியாவ்' என்று பெயர். அந்தப் பெயரில் கேலியும் இருந்தது. மனிதருக்கு அது காதில் விழவே இல்லை.

பிறகு அதிவேக ரயில் வந்தது. சியானுக்கு இரண்டு மணி நேரம். பிளேனில் ஏற வேண்டுமானால் விமான நிலையத்துக்குப் போகவே ஒரு மணி நேரம் வேண்டும்.

"மூணு மாசம் தாங்காது பாரு ஃபான்," என்றார் என்னிடம். "கலெக்டரும் கம்பெனி முதலாளியும் ரயில்ல போவாங்களா? அவங்களுக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்ல?"

கலெக்டரும் போனார், கம்பெனி முதலாளியும் போனார். அங்கே நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டு, நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு, போனில் கத்திக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சியானுக்கு விமானமே நின்றுவிட்டது. எங்கள் வியாபாரத்தில் பாதி அந்த ஒரு ஊர்தான். கைபேசியிலேயே டிக்கெட் எடுக்கும் பழக்கம் மிச்சத்தைத் தின்றது. கடையை மூடிய அன்று அவர் டையைக் கழற்றவில்லை. நான்தான் அழுதேன்.

அதற்கப்புறம் அவர் மசாஜ் நாற்காலி விற்றார், காப்பீடு விற்றார், கடைசியில் ஒரு குடியிருப்பின் வாசலில் பார்சல் வாங்கி வைத்துக் கொடுக்கும் கடை போட்டார். எத்தனையோ பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது. நான்கூட இப்போது அந்த ரயில் நிலையத்துக்கு எதிரில்தான் ஆட்டு சூப் விற்கிறேன். என்னை ஓட்டாண்டியாக்கிய ரயில்தான் எனக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவந்து இறக்குகிறது. அதை நினைத்தால் வயிறு எரியும், ஆனாலும் சூப்பை ஊற்றித்தானே ஆக வேண்டும். மியாவுக்கு மட்டும் அது முடியவில்லை. ரயில் தன்னைக் குறிவைத்தே வந்ததாக நினைத்தார். சியானில் ஒரு வேலை என்றால் ஏழு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிப் போவாரே தவிர, ரயில் நிலைய வாசலை மிதிக்க மாட்டார்.

அந்த வீம்போடு வாழ முடியாமல்தான் அவர் மனைவி குயீசென் விலகிப் போனாள். பிறகு தோங் என்ற கணக்கு ஆசிரியரைக் கட்டிக்கொண்டாள். தோங் அதிகம் பேசாதவர். மியாவின் மகள் யூன்ஷுவைப் பள்ளிக்கு அழைத்துப் போனது, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தது, கல்லூரியில் கொண்டுபோய் விட்டது எல்லாம் அவர்தான். ஆனால் யூன்ஷு அவரை 'தோங் ஐயா' என்றுதான் கூப்பிடுவாள். அப்பா என்ற சொல்லை மியாவுக்காகவே எடுத்து வைத்திருந்தாள்.

போன வருடம் யூன்ஷுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜின்சோங் சாங்ஷாக்காரன், தங்கமான பையன். கல்யாணமும் சாங்ஷாவில்தான். எங்கள் வழக்கத்தில் கல்யாண மேடையில் பெண்ணைப் பெற்றவர்கள் இருவரும் நாற்காலியில் உட்காருவார்கள். அதுவரை மாமனாரை 'ஐயா' என்று கூப்பிட்ட மாப்பிள்ளை, குனிந்து தேநீரை நீட்டி, முதல் முறையாக 'அப்பா' என்பான். அவர் குடித்துவிட்டுச் சிவப்பு உறையில் பணம் கொடுக்க வேண்டும். அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் பிரச்சினை.

குயீசென், வளர்த்தவர்தான் உட்கார வேண்டும் என்றாள். யூன்ஷு அம்மாவோடு ஒரு மாதம் சண்டை போட்டாள். கடைசியில் தோங்கே சொன்னார், "அவரு உட்காரட்டும். நான் கீழ நின்னு கைதட்டுறேன்." அந்த மனிதர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு மியாவ் மேல் ஆத்திரம் வந்தது.

யூன்ஷு ஊருக்கு வந்து அப்பாவிடம் நேரிலேயே கேட்டாள். நானும் அப்போது பார்சல் கடையில் இருந்தேன்.

"அப்பா, சனிக்கிழமை காலைல முதல் வண்டி. எல்லாரும் ஒண்ணா வர்றீங்க. உங்க பேர்லயும் டிக்கெட் போட்டுட்டேன். பத்து மணிக்கு சாங்ஷா. பதினொன்றரைக்கு தேநீர். நண்பகலுக்குள்ள முடிச்சாகணும்னு அவங்க வீட்ல கறாரா சொல்லிட்டாங்க."

"நான் பிளேன்ல வரேன்."

"அப்பா..."

"ஒன்றரை மணி நேரம்மா! நீங்க பாதி வழி வர்றதுக்குள்ள நான் மண்டபத்துல இருப்பேன். பொண்ணோட அப்பன் வானத்துல இருந்து இறங்கி வந்தான்னு உன் மாமியார் வீட்ல பேசட்டுமே."

"யாரும் பேச மாட்டாங்க. நீங்க நாற்காலியில உட்காந்தா எனக்குப் போதும்."

"உட்காருவேன். என் நாற்காலிய எவன் எடுத்துட்டுப் போகப் போறான்?"

அவள் என்னைப் பார்த்தாள். "முதலாளி, இந்த ஒரு நாள் உங்க வீம்ப இங்க வச்சு பூட்டிட்டு வாங்களேன்," என்றேன். "நீ உன் சூப்பப் பாரு," என்றார். அதோடு நிற்கவில்லை. சம்பந்திக்கே போன் போட்டு, பிளேனில் வருவதாகவும் விமான நிலையத்துக்கு வண்டி அனுப்பும்படியும் சொல்லிவிட்டார். இனி அவரே நினைத்தாலும் மாற முடியாது.

சனிக்கிழமை விடியும்போதே மழை. நாங்கள் ஒன்பது பேர் ரயில் ஏறினோம். மியாவின் இடம் காலியாக இருந்தது. சீதனத்துக்காகக் குயீசென் தைத்த பட்டுப் போர்வை மூட்டையை தோங் அந்த இருக்கையில் வைத்தார். ஊகான் தாண்டியும் மழை விடவில்லை. கண்ணாடியில் தண்ணீர் கோடுகோடாகப் பின்னால் ஓடியது. வண்டி கொஞ்சம் வேகம் குறைத்தது, ஆனால் நிற்கவில்லை. ரயிலில் இருந்தபடியே நான் மியாவைக் கூப்பிட்டேன்.

"ஏறிட்டீங்களா?"

"எப்பவோ ஏறிட்டேன். கதவும் சாத்தியாச்சு. வழியில இடியாம், அதான் கொஞ்சம் நிறுத்தி வச்சிருக்காங்க. இப்ப எடுத்துருவாங்க."

பத்து மணிக்கு நாங்கள் சாங்ஷாவில் இறங்கிய பிறகும் அவர் அதையேதான் சொன்னார். இறங்கி ரயிலைப் பிடிக்கலாம் என்றால் கதவைத் திறக்க மாட்டார்களாம். திறந்திருந்தாலும் அவர் இறங்கியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மண்டபத்தில் பதினொன்றரை ஆனது. மேடையில் இரண்டு சிவப்பு நாற்காலி. ஒன்றில் குயீசென் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யூன்ஷு பொறுக்கச் சொன்னாள், பொறுத்தார்கள். பன்னிரண்டுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது சம்பந்தி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மாடி, நேரம் தாண்டுது. வீட்டுப் பெரியவங்க சங்கடப்படுறாங்க."

யூன்ஷு என் போனை வாங்கினாள்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"பிளேன்லதாம்மா. இதோ, இப்ப..."

"கிளம்பிடுச்சா?"

"இப்ப கிளம்பிடும். நாற்காலிய அப்படியே வச்சிரு. யாரையும் உட்கார விடாத, கேட்டியா?"

அவள் போனை என்னிடம் கொடுத்தாள். கல்யாண உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, கடைசி மேசையருகே நின்ற தோங்கின் கையைப் பிடித்தாள்.

"வேணாம்மா. அவரு வந்துருவாரு," என்றார் தோங்.

"கூப்பிட்டப்ப எல்லாம் நீங்கதான் வந்தீங்க. வந்து உட்காருங்க."

ஜின்சோங் தேநீரை நீட்டினான். "அப்பா, தேநீர் குடிங்க." தோங் அவசரமாக வாங்கியதில் சட்டையில் பாதி சிந்தியது. கொடுக்க அவரிடம் உறைகூட இல்லை. தான் உட்காரப் போவதாக அவர் நினைக்கவே இல்லையே. குயீசென்தான் தன் உறையை அவர் கையில் திணித்தாள். அடுத்து யூன்ஷுவும் ஒரு கோப்பையை எடுத்து அவரிடம் நீட்டினாள். "அப்பா, நீங்களும் குடிங்க," என்றாள். அது வழக்கத்திலேயே கிடையாது. நான் கைதட்டினேன். சந்தோஷத்திலா, வயிற்றெரிச்சலிலா என்று எனக்கே தெரியவில்லை.

மியாவ் வந்தபோது பாதி மேசைகளைத் துடைத்துவிட்டார்கள். டை கட்டியிருந்தார். நேராக மேடைக்குப் போனார். நாற்காலிகளை ஏற்கெனவே ஓரமாக அடுக்கிவிட்டிருந்தார்கள். அவரே ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து தடிமனான சிவப்பு உறையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜின்சோங் ஓடிவந்தான். பாவம், அவன் என்ன செய்வான்? "வாங்க ஐயா. பசியோட வந்திருப்பீங்க. சாப்பிடலாம் வாங்க," என்றான்.

'ஐயா' என்றதும் மியாவின் முகம் தொங்கிப்போனது. அவர் உறையை நீட்டினார். பையன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நன்றி ஐயா," என்றான். அதற்குள் யூன்ஷு ஒரு கிண்ணத்தில் சூடாகக் கஞ்சி கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"மழைம்மா," என்றார் மியாவ். "நீயே பாரு, எப்படிக் கொட்டுதுன்னு. மழைக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அவள் அவருடைய டையைச் சரிசெய்துவிட்டாள். கோபமே இல்லை, குரலும் உயரவில்லை.

"அதே மழையிலதாம்ப்பா எல்லாரும் வந்தாங்க," என்றாள்.