மூண்டாந்தரம் வைச்ச அரப்பு

பேய், ஆவி, செத்த ஆக்கள் வந்து கதைக்கிறது, இதெல்லாம் வேலை இல்லாத ஆக்களின்ரை கதை எண்டு சொல்லித் திரிஞ்ச ஆள் நான். இப்பவும் கேட்டால் அப்பிடித்தான் சொல்லுவன். எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான் மெல்பேர்னிலை சுடுதண்ணி பொயிலர் பூட்டுற கொம்பனி வைச்சு, ஏழு வான் ஓடவிட்டு, படிச்ச எஞ்சினியர்மாரையே சம்பளத்துக்கு வைச்சிருந்தவன். கையாலை திருகிப் பாத்தால்தான் எனக்கு நம்பிக்கை. அப்பிடிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. நம்பினால் நம்புங்கோ, இல்லாட்டிச் சிரிச்சுப்போட்டு அடுத்த பக்கத்தைப் பிரட்டுங்கோ.

எழுபத்தைஞ்சாம் ஆண்டு. கப்பல் எஞ்சின் அறையிலை கிறீஸ் பூசிற வேலையிலை இருந்தனான். மெல்பேர்னிலை ஒப்பந்தம் முடிஞ்சுது. எய்னோ எண்ட பின்லாந்துக் கிழவன் கடற்கரைப் பக்கம் ஒரு குளியல் மடம் நடத்தினவன், அவன்ரை பொயிலரைப் பாக்கிற வேலை கிடைச்சுது. ஊரிலை மனுசி பரிமளம், கலியாணமாகி ஒண்டரை வருசம். ஒப்பந்தம் முடிஞ்சுது, இனி மெல்பேர்னிலைதான், விபரம் கடிதத்திலை எண்டு ஒரு தந்தி அடிச்சன். கடிதம் மட்டும் எழுதேல்லை. எழுத்து எண்டால் எனக்கு மூட்டை தூக்கிறதை விடப் பாரம். நாளைக்கு நாளைக்கு எண்டு தள்ளிக்கொண்டே போனன்.

மடத்திலை ஒரு சோனா அறை. நாலு பக்கமும் பலகை, மூலையிலை கல் அடுக்கின அடுப்பு. கல்லிலை ஒரு அகப்பைத் தண்ணி ஊத்தினால் சீறிக்கொண்டு சூடு எழும்பும், மூக்குத் துவாரம் எரியும். பத்து நிமிசம் வெந்துபோட்டு வெளியிலை ஓடிவந்து ஐஸ் மாதிரிக் குளிர்ந்த தொட்டிக்குள்ளை இறங்கவேணும். முதல் மூச்சு நிண்டுபோகும். பிறகு தோலெல்லாம் எறும்பு ஊரும். அதுக்குப் பிறகு வாங்கிலை வந்து இருக்கேக்கை ஒரு அமைதி வரும் பாருங்கோ, உலகத்திலை ஒருத்தரோடையும் கோபம் இல்லாத மாதிரி. அந்தச் சுகத்தை நான் கோயிலிலையும் கண்டதில்லை.

அந்தப் பின்லாந்துக்காரர் பிறந்த மேனியோடைதான் இருப்பினம். நான் சாரம் கட்டிக்கொண்டு போவன். "நட், நீ குளிக்க வாறியோ, கலியாணத்துக்கு வாறியோ?" எண்டு எய்னோ பகிடி பண்ணுவான். நடராசா எண்ட என்ரை பேர் அவன்ரை வாயிலை நட்தான்.

ஆம்பிளையளுக்குப் புதனும் சனியும் எண்ணெய் முழுக்கு எல்லோ. நானும் வந்த புதிசிலை ஒரு புதன்கிழமை தலை நிறைய நல்லெண்ணெய் வைச்சுக்கொண்டு சோனாவிலை வெந்து, அப்பிடியே தொட்டிக்குள்ளை பாய்ஞ்சிட்டன். தண்ணி முழுக்க எண்ணெய்ப் படலம். எய்னோ துள்ளின துள்ளல்! தொட்டியை இறைச்சு, உள்சுவரைத் தேய்ச்சு, விடிய விடிய நான்தான் கழுவினது. அதோடை எண்ணெய்க்குத் தடை. நானும் போத்திலை எடுத்துக் குப்பையிலை போட்டன். இதை மனதிலை வைச்சுக்கொள்ளுங்கோ.

அதுக்கு மூண்டு கிழமையாலை இன்னொரு புதன்கிழமை, பின்னேரம் நாலு மணி தாண்டியிருக்கும். சோனாவிலை நான் மட்டும். முதல்நாள் எய்னோவின்ரை கூட்டாளிமாரோடை வாய் விட்டிருந்தன், நான் எஞ்சின் அறையிலை வெந்தவன், உங்களை விட இரட்டிப்பு நேரம் இருந்து காட்டுவன் எண்டு. அதுக்குப் பழகிப் பாப்பம் எண்டு மேல் தட்டிலை ஏறி இருந்தனான். பத்து நிமிசம் போச்சு, இருபது போச்சு. பிறகு எனக்கு வேர்க்கிறதே நிண்டிட்டுது. உடம்பு இல்லாத மாதிரி ஒரு லேசு. சுவரிலை சாஞ்சு கண்ணை மூடினன். எழும்ப விருப்பமே இல்லை. செத்துப்போறது இவ்வளவு சுகமோ எண்டு ஒரு நினைப்பு வந்ததும் ஞாபகம்.

அப்பத்தான் என்ரை உச்சியிலை ஆரோ தொட்டினம்.

குளிர்ந்த விரல். ஈரமாய் ஏதோ தடவினது. நான் அசையேல்லை. திரும்பவும் தொட்டது. இந்தமுறை மணம் வந்தது, நல்லெண்ணெயும் அரப்பும். தலைச் சிக்கெடுக்கத் தேய்க்கிற அரப்புத்தான், ஆனால் எங்கடை ஆக்களுக்கு அந்த மணம் வேறை ஒண்டையும் ஞாபகப்படுத்தும். செத்தவீட்டிலை பிரேதத்தைக் குளிப்பாட்ட முன்னம் உரித்துக்காரர் வரிசையிலை வந்து தலையிலை எண்ணெயும் அரப்பும் வைப்பினம், ஆளுக்கு மூண்டு தரம். ரண்டு வைச்சாச்சு எண்டு எனக்குள்ளை ஒண்டு எண்ணிச்சுது. மூண்டாந்தரம் விரல் பட்டதும் காதுக்குப் பக்கத்திலை ஒரு குரல்.

"இஞ்சாருங்கோ."

என்னை அப்பிடிக் கூப்பிட இந்த உலகத்திலை ஒரே ஒருத்திதான். நான் விழுந்தடிச்சு எழும்பி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியிலை விழுந்து, தவழ்ந்து போய்த் தொட்டிக்குள்ளை உருண்டன்.

எய்னோ ஓடிவந்து கக்கத்திலை பிடிச்சுத் தூக்கினான். "பைத்தியக்காரா, இன்னும் அஞ்சு நிமிசம் இருந்திருந்தால் உன்னைப் பலகையிலை வைச்சுத்தான் வெளியிலை எடுத்திருப்பம்!" எண்டு கத்தினவன், தொட்டியைப் பாத்திட்டு நிண்டான். "நட்! திரும்பவும் உன்ரை எண்ணெயோ?"

பாத்தன். தண்ணிக்கு மேலை வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம். அதுக்குள்ளை மண் நிறத்திலை பொட்டுப் பொட்டாய் மிதந்தது. எய்னோ அதைத் தொட்டு மணந்து பாத்து, "இதென்ன சேறு?" எண்டு கேட்டான். பாத்த உடனை எனக்குத் தெரிஞ்சுது, அது அரப்பு. அந்தக் காலத்து மெல்பேர்னிலை அரப்புக்கு எங்கை போறது?

அண்டைக்கு இரவே இருந்து கடிதம் எழுதினன். பதில் எழுதினது பரிமளத்தின்ரை தம்பி. முதல் வரியே இதுதான்: "அத்தான், இது உங்கடை கையெழுத்துத்தானோ? நீங்கள் உயிரோடையோ?"

பிழை என்ரைதான். கப்பல் கந்தோரிலை தந்த கடதாசியிலை எக்ஸ்பயர்ட் எண்டு பெரிசாய் அடிச்சிருந்தது. என்னெண்டு கேட்டன், முடிஞ்சுது எண்டு சொன்னாங்கள். அந்தச் சொல்லையே தந்தியிலை போட்டன்: நடராசா எக்ஸ்பயர்ட் மெல்பேர்ன், லெட்டர் ஃபாலோஸ். எங்கடை ஊரிலை அந்தச் சொல்லுக்கு ஒரே கருத்துத்தான், மரண அறிவித்தலிலை வாற கருத்து. கடிதம் வரும் வரும் எண்டு பாத்திருக்கினம். வரேல்லை. பிரேதம் இல்லாத செத்தவீடு எண்டால் தர்ப்பையிலை உருவம் கட்டி, தலைக்குத் தேங்காய் வைச்சு, அதுக்குத்தான் எல்லாம் செய்யிறது. அந்தப் புதன்கிழமை செய்திருக்கினம். பரிமளம் எண்ணெய் அரப்பு வைச்சது மத்தியானம் பன்னிரண்டு மணி. அங்கை பன்னிரண்டு எண்டால் இங்கை நாலரை. கணக்கை நீங்களே பாருங்கோ.

ரண்டு வருசத்தாலை ஊருக்குப் போய், கழட்டி வைச்ச தாலியைத் திரும்பக் கட்டினன். ஒரே பொம்பிளைக்கு ரண்டுதரம் தாலி கட்டின ஆம்பிளை எங்கடை பகுதியிலை நான் ஒருத்தன்தான் எண்டு பெருமையாய்ச் சொல்லித் திரியிறனான். ஆனால் ஒரு கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டு அவளை விதவையாக்கி வைச்சிருந்தன் எண்டது இப்பவும் நெஞ்சிலை கிடக்குது.

சோனாக் கதையை அவளுக்குச் சொன்னன். அவள் அழேல்லை. "வைச்சுக்கொண்டு போகேக்கை மனதுக்குள்ளை உங்களைக் கூப்பிட்டனான்" எண்டாள். பிறகு வலக்கை நடுவிரலை நீட்டினாள். "மூண்டாந்தரம் தொடேக்கை தேங்காய் நெருப்பாய்ச் சுட்டது. ஒருத்தரும் நம்பேல்லை." நுனியிலை தோல் வழுவழு எண்டு கிடந்தது.

எனக்கு அரப்பு வைச்சதாலை உயிர் போகப் பாத்ததோ, போற உயிரை அவள் கூப்பிட்டு மறிச்சாளோ, எனக்குத் தெரியாது. யோசிச்சுப் பாத்து விட்டிட்டன். மெல்பேர்னுக்குக் கிட்ட கிரான்பர்னிலை எங்கடை வீட்டிலையே இப்ப சோனா கட்டி வைச்சிருக்கிறன். அவள் உள்ளுக்கு வரமாட்டாள். பத்து நிமிசம் தாண்டினால் வெளியிலை நிண்டு கதவிலை தட்டுவாள், மூண்டு தட்டு.

போன வருசம் இந்தியாவுக்குப் போக விசாவுக்கு ரண்டு பேரும் கைரேகை வைச்சம். அவளின்ரை நடுவிரலை மட்டும் மிஷின் எடுக்கேல்லை. மிஷினிலை இருந்த தமிழ்ப் பிள்ளை விரலைப் பிடிச்சுத் துடைச்சுத் துடைச்சு வைச்சுப் பாத்துது. கடைசியிலை என்னைப் பாத்து, "அங்கிள், அன்ரியின்ரை இந்த விரலிலை ரேகையே இல்லை" எண்டுது. பிறகு தன்ரை கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், முகத்தைச் சுழிச்சு, "அன்ரி தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறவ?" எண்டு கேட்டுது.

அண்டைக்குப் பரிமளம் தலைக்கு ஒண்டும் வைக்கேல்லை.