பெயர் ராவிய குடங்கள்

மடவார் வளாகத் தெருவில் என் சைக்கிள் கடைக்கு எதிரே சாகுல் ஹமீது பழம்பொருள் கடை வைத்திருந்தார். பித்தளைக் குடம், மரப்பெட்டி, நின்றுபோன சுவர்க்கடிகாரம் என்று ஊர் வேண்டாமென்று தள்ளியதெல்லாம் அங்கே வந்து சேரும். பாதி நாள் ஈ ஓட்டுவார். ஆனாலும் சட்டை கசங்காமல் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரை வெட்டித்தான் கொடுப்பார்கள். அடுத்தவள் பெயர் இருக்கிற குடத்தை யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் குடம் வந்த அன்றே ஹமீது ஒடுக்கெடுத்து, என்னிடம் அரம் வாங்கிப் பெயரை ராவி, புளி போட்டுத் தேய்த்துவிடுவார். எண்பத்திரண்டிலிருந்து இதே வேலை. எத்தனை பெயர் போனதென்று நாங்கள் இருவருமே யோசித்ததில்லை.

தொண்ணூற்றேழு ஆடியில் மம்சாபுரத்திலிருந்து வெள்ளைத்தாய் வந்தாள். அவள் மகள் செல்லக்கனி தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். மருமகன் மறுகல்யாணம் செய்துகொண்டு, சீர்க்குடத்தை ஹமீதிடம் விற்றிருந்தான். அதைத் திரும்ப வாங்கத்தான் வந்திருந்தாள்.

“செல்லக்கனின்னு வெட்டியிருக்கும் பாய். அவள ஒரு போட்டோகூட எடுக்கல. பேரு அது ஒண்ணுலதான் மிச்சம்.”

ஹமீது ஒரே அளவில் மூன்று குடங்களை எடுத்து வைத்தார். மூன்றும் பளபளவென்று இருந்தன. வெள்ளைத்தாய் ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவித் தடவிப் பார்த்தாள்.

“ராவிட்டேன் தாயி” என்றார் ஹமீது. “இதுல ஒண்ணுதான். மூணையும் கொண்டு போங்க, துட்டு வேண்டாம்.”

“மத்த ரெண்டும் எவ பெத்த பிள்ளையோ. அவளும் தேடி வருவாள்ல.”

வெறுங்கையோடு பஸ்ஸுக்குப் போனாள். ராவிய அரம் என்னுடையது.

அதற்குப் பிறகு ஹமீது அரம் கேட்டு வரவில்லை. பெயரோடு கிடந்த பாத்திரங்களை யாரும் வாங்கவும் இல்லை. தொண்ணூற்றொன்பதில் ராஜபாளையத்தில் இன்டர்நெட் சென்டர் திறந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இன்டர்நெட்டில் பெயர் வெட்டியதைத்தான் விரும்பி வாங்குகிறார்கள் என்று யாரோ சொல்ல, ஹமீது கடைச் சாமானையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு என்னையும் பஸ் ஏற்றினார்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஜெயபாய் என்ற பெண் ஒவ்வொரு போட்டோவுக்கும் பெயர் கேட்டு அடித்தாள். நாச்சியார், குருவம்மாள், ஆவுடையம்மாள் என்று ஹமீது சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிப் போட்டோவில் அந்த மூன்று குடங்கள்.

“இதுல என்ன பேரு சார்?”

ஹமீது போட்டோவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இது விக்கிறதுக்கில்லம்மா” என்றார். “இன்னும் ரெண்டு தாய்மார் வரவேண்டியிருக்கு.”