வாசலில் தொங்கிய மூளை

"மோதிரம்? பெல்ட்டு? கொண்டை ஊசி? பாக்கெட்ல சாவி கீவி ஏதாவது?"

இல்லை என்று சொன்னாலும் நம்பமாட்டார். தானே ஒருமுறை பைகளைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார் பேராசிரியை. மூளையைப் படமெடுக்கும் அந்தக் கருவி ஒரு ராட்சதக் காந்தம். ஒரு சாவி உள்ளே போனாலும் பறந்து வந்து ஆளைத் தாக்கும். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் காந்தம்மா. "பேர் பொருத்தம்தான். ஊர்ல இருக்கிற சண்டையெல்லாம் உன்கிட்டயே வந்து ஒட்டிக்குதே" என்பார் அவருடைய வீட்டுக்காரர்.

ஆய்வுக்கு வந்து படுப்பவரின் கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணிப்பார். "பிடிக்கலன்னா இதை அமுக்குங்க. உடனே நிறுத்திடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன்." எல்லோருக்கும் இதை அட்சரம் பிசகாமல் சொல்வார். அந்தப் படுக்கையில் முதன்முதலில் படுத்தவரும் அவரேதான். தான் படுக்காத இடத்தில் அடுத்தவர் பிள்ளையைப் படுக்கவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

தூக்கம் கெட்டால் மூளை என்ன பாடுபடும் என்பது அவருடைய ஆராய்ச்சி. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, இளவயதில் அது தாமதமாக ஓடும், விடிகாலையில் எழ முடியாத பிள்ளை சோம்பேறி அல்ல என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொடுப்பார். வகுப்பில் யாராவது தூங்கி விழுந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். பக்கத்தில் இருப்பவன் இடித்து எழுப்பினால் அவனுக்குத்தான் திட்டு. "விடுப்பா. அவன் ஒருத்தனாவது பாடத்தைப் புரிஞ்சுக்கிட்டான்."

இப்படிப்பட்டவர் வேலை பார்க்கும் இடத்தில்தான், அறைகள் போதவில்லை என்று, முதலாண்டு வகுப்புகளைக் காலை ஆறரைக்கு மாற்றினார்கள். காந்தம்மா ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கத்தினார். "மேடம் ரொம்ப உணர்ச்சிவசப்படுறாங்க" என்று சிரித்தே மழுப்பிவிட்டார்கள். போன வாரம், வகுப்புக்கு வந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி ஸ்கூட்டரிலேயே கண்ணயர்ந்து, சாலை நடுச்சுவரில் மோதினாள். தோள்பட்டை முறிந்துவிட்டது. பார்க்கப் போன காந்தம்மாவிடம் அந்தப் பெண், "சாரி மேம், சீக்கிரம்தான் படுத்தேன், தூக்கம்தான் வரல" என்றாள். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது!

திங்கட்கிழமை வந்து பார்த்தால், கல்லூரி வாசலில் ஆளுயர பேனர். 'அதிகாலை வகுப்பு, பிரகாசமான மூளை!' எழுத்துக்குக் கீழே செக்கச்செவேல் என்று ஒரு மூளைப் படம். அது அவர் ஆய்வில் எடுத்த படம். கைப்பையைக்கூட வைக்காமல் நேரே பதிவாளர் அறைக்குள் நுழைந்தார்.

"சார், அந்தச் சிவப்பு பிரகாசம் இல்ல, முக்கல்! நல்லா தூங்கினவன் ஒரு மூட்டையை அலட்டிக்காம தூக்குவான். தூங்காதவன் முக்கி முனகித் தூக்குவான். ஒரு வாரம் பூரா விடியறதுக்கு முன்னாடி எழுப்பிவிட்ட மூளை சார் அது!"

"பாக்குறவங்களுக்கு அதெல்லாம் தெரியவா போகுது மேடம்? படம் பளிச்சுனு இருக்கு."

"ஒரு பொண்ணு கட்டுப் போட்டுப் படுத்திருக்கா. உங்களுக்குப் பளிச்சுனு இருக்கா? யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"நம்ம இணையதளத்துல இருந்ததுதானே. பேர்கூடப் போடலையே. யாரோட மூளையோ..."

"என்னோடது."

பதிவாளர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அட! அப்ப உங்களுக்குப் பெருமைதானே மேடம்!"

காந்தம்மா ஆய்வுக்கூடத்து வெளியறைக்குப் போய், மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். காவலாளியின் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினார். முதல் வகுப்பு முடிந்து கொட்டாவியோடு வந்த பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஐயோ மேடம்! ஏன் மேடம்?" காவலாளி பதறிப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்னு கேக்கக் கூடாது."

மேடு பள்ளம் ஒன்றையும் விடாமல், ஓரம் பிசகாமல், பொறுமையாக வெட்டினார். வெட்டி எடுத்த தன் மூளையைப் பாய்போலச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.