பழகிப்போன இண்டிகேட்டர்

எங்கள் தெருவில் ஒழுங்காக வேலை செய்து கெட்டுப்போன மனிதர் ஒருவர் உண்டு. வண்டி எலக்ட்ரீஷியன். அவரை எல்லோரும் 'எர்த்து' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டியில் எந்த விளக்கு மக்கர் செய்தாலும், "எர்த்து சரியில்ல" என்பார். தோண்டிப் பார்த்தால் அதுவாகவே இருக்கும். எப்போதும் சரியாகச் சொல்கிறவனுக்குப் பட்டப்பெயர் வைக்காவிட்டால் மற்றவர்களுக்குத் தூக்கம் எப்படி வரும்?

குடியிருப்பு மனைவியின் அண்ணன் வீட்டு மாடியில். பிழைப்பு அதே மச்சானின் நாற்காலி வாடகைக் கடைக்குப் பின்னால், ஒழுகும் தகரக் கூரைக்குக் கீழே. அவருடைய ஆசையெல்லாம் கடையின் முன்னறைதான். தெருவைப் பார்த்த கதவு, ஒரு மேசை, வாசலில் ஒரு பலகை. சிலர் அரண்மனைக்கு ஆசைப்படுகிறார்கள். இவர் ஓர் அறைக்கு ஆசைப்பட்டார். இரண்டும் கிடைக்கிற வேகம் ஒன்றுதான். "பாக்கலாம் மாப்ள" என்று மச்சான் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைக்கே நரை விழுந்திருந்தது.

கடைசியில் வாய்ப்பு டிரெய்லர் உருவில் வந்தது. நாற்காலிகளை ஏற்றி வேனின் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்குகிறது என்று வண்டிச் சோதனை அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். முதல் குற்றத்திலேயே அவருக்கு மனம் நிறைந்துவிட்டதால் அடுத்ததைத் தேடவில்லை.

"சரி பண்ணிக் குடு மாப்ள. பாஸாச்சுன்னா முன்னறை உனக்குத்தான்" என்றார் மச்சான்.

எர்த்து மண்ணில் முதுகு பதியப் படுத்தார். முதலில் டிரெய்லரின் பிளக்கைச் செருகும் வேனின் சாக்கெட்டை ஒவ்வொரு துளையாகச் சோதனை விளக்கால் தொட்டுப் பார்த்தார். அங்கே குறையில்லை. அப்படியானால் வியாதி டிரெய்லரில். எர்த்துக் கம்பியைச் சட்டத்தோடு முடுக்கியிருந்த போல்ட்டுக்கு அடியில் துருவும் பெயிண்ட்டும் கூட்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. திரும்பிப்போக வழியில்லாத மின்சாரம் பக்கத்து விளக்கின் வழியாகப் புகுந்து போய்க்கொண்டிருந்தது. சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் முடுக்கினார். நோய் தீர்ந்தது.

அத்தோடு எழுந்து கை கழுவியிருக்கலாம். விதி யாரை விட்டது? டிரெய்லரின் பிளக்கையும் திறந்தார். இடது விளக்குக் கம்பியும் வலது விளக்குக் கம்பியும் இடம் மாறிக் கிடந்தன. யாரோ எந்தக் காலத்திலோ மாட்டியது. அதையும் சரியாக மாற்றினார். தானே ஓட்டிப்போய்ச் சோதனையில் தேற்றிக்கொண்டும் வந்தார்.

டிரைவரிடம் மட்டும் சொல்லவில்லை. இடது இனிமேல் இடதுதான் என்று ஒரு டிரைவரிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

டிரைவரின் பட்டப்பெயர் பிளைட்டு. வலப்பக்கம் திரும்ப இடது இண்டிகேட்டரைப் போடுவார். கம்பி மாறிக் கிடந்தவரை அப்படிப் போட்டால்தான் டிரெய்லரில் வலது எரியும். பல வருடப் பழக்கம், மூளையைக் கேட்காமல் கையே செய்துவிடும். மறுநாளும் செய்தது. இடது மினுக்குவதை நம்பிய ரொட்டி வேன் வலப்பக்கமாக முந்தி இடித்தது. டிரெய்லர் கவிழ்ந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. நடுரோடு முழுக்க நாற்காலி இறைந்து கிடந்தும், ரொட்டிக்காரரும் பிளைட்டும் நின்றபடியேதான் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை அச்சில் ஏற்ற முடியாது.

அன்று மாலை மாடியில் விசாரணை.

"ஏன்டா, என் வண்டியில கை வச்சா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லமாட்டியா?" என்றார் பிளைட்டு.

"தப்பா இருந்துச்சுண்ணே. சரி பண்ணேன்."

"தப்பா இருந்தப்ப ஒரு கீறல் விழல. நீ சரி பண்ண, கவுந்துருச்சு. இப்பச் சொல்லு, எதுடா தப்பு?"



"பழையபடியே மாட்டிரு மாப்ள. சோதனைதான் முடிஞ்சாச்சே" என்றார் மச்சான்.

"மச்சான், வேனோட முன்பக்கம் சரியாத்தான் இருக்கு. அண்ணன் இடதைப் போட்டா முன்னால இடதுதான் எரியும். எதிர்ல வர்றவன் என்ன நெனப்பான்?"

"எதிர்ல வர்றவன் என் மூஞ்சியப் பாத்துப்பான்" என்றார் பிளைட்டு.

"அதவிட எச்சரிக்கை வேணுமா?" என்று மச்சான் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை அணைத்தார். "கம்பிய மாத்துறது லேசா, மனுசன மாத்துறது லேசா? முடியாதுன்னா சொல்லிரு. முன்னறையில ஒடஞ்ச நாற்காலிய அடுக்கிக்கிறேன்."

எர்த்து மனைவியைப் பார்த்தார்.

"எங்கண்ணன் சொல்றதச் செஞ்சு அறைய வாங்குற வழியப் பாருங்க" என்றாள் அவள். "ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் நீங்கதான் காவலா?"

மாற்றினார். அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. ஈயம் வைத்து, உறை போட்டு, எந்தக் குலுக்கலுக்கும் கழன்றுவிடாதபடி அந்தத் தவற்றை உறுதிப்படுத்தினார். அதற்கு முன் அவர் கையால் அத்தனை அழகான வேலை நடந்ததில்லை.

முன்னறை கிடைத்தது. பலகை ஏறியது. "நம்ம பழக்கத்துக்கு ஏத்தாப்ல மாட்டித் தர்ற பய" என்று பிளைட்டு ஊரெல்லாம் சிபாரிசு செய்தார். கூட்டத்துக்குக் குறைவில்லை. எர்த்துவுக்குப் பக்குவம் வந்துவிட்டதாக மச்சான் சந்தோஷப்பட்டார்.

ஒருநாள் காலை எர்த்து கடை திறக்கப் போய்க்கொண்டிருந்தார். முச்சந்தியில் எதிரே பிளைட்டின் வேன் டிரெய்லரோடு வந்தது. முன்னால் இடது மினுக்கியது. வண்டி அந்தப் பக்கம்தான் போகும் என்று நம்பி, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் இந்தப் பக்கம் ரோட்டில் இறங்கினாள். எர்த்து பாய்ந்து அவள் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். டிரெய்லர் அவள் சேலையை உரசிக்கொண்டு இந்தப் பக்கமே திரும்பிப் போயிற்று.

அவள் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு வேன் போன திசையைப் பார்த்தாள்.

"லைட்டு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்! இத மாட்டினவன் கை விளங்காமப் போக!" என்று கத்தினாள். அதே மூச்சில் இவர் பக்கம் திரும்பி, "நல்லவேளைண்ணே, சாமி மாதிரி வந்தீங்க. உங்க கை நல்லாருக்கணும்" என்றாள். "எந்தக் கடையில மாட்டிருப்பான்? தெரியுமாண்ணே?"

"தெரியலம்மா" என்றார் எர்த்து.

அவள் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றுவிட்டு, அதன் பிறகுதான் போய் முன்னறைக் கதவைத் திறந்தார்.