சேற்றில் விட்ட பூட்ஸ்

நான் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பாம்புக்குப் பயந்து, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டாமல் அங்கே யாரும் மரங்களுக்கிடையில் கால் வைக்கமாட்டார்கள். இப்போது கடலுக்கு வெகுதூரத்தில், சுங்கை சோ ஊரில் வீடு, அலுவலக வேலை. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. அதனால்தான் அன்று காலை பாகான் நக்கோடா ஓமார் கடற்கரையில், வீட்டிலிருந்து தூக்கிவந்த பூட்ஸைப் போடச் சொல்லி என் மகளை வற்புறுத்தினேன்.

பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கடல் வற்றும்போது தெரியும் சேற்று வெளியில் பறவைகளுக்கு என்ன தீனி கிடைக்கிறது என்று ஆராய்கிறாள். அந்தக் கரையில் மண் கொட்டி மேடாக்கக்கூடாது என்று கேட்பவர்களுக்கு அந்த விவரம் வேண்டுமாம். எனக்கு அவள் சேற்றில் இறங்குவதே பிடிக்கவில்லை. ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு, 'போதும், வேறு ஏதாவது படி' என்று சொல்லத்தான் உடன் போனேன்.

“பழைய ஸ்கூல் சப்பாத்துதான் மா சரி. இறுக்கிக் கட்டிட்டா கழண்டு போவாது.”

“பாம்பு கெடக்கும். சொன்னதக் கேளு லா.”

என் வாயை அடைக்கத்தான் போட்டுக்கொண்டாள். நான் கரைமேட்டில் நின்றேன். சேறு எடுக்கும் குழாயோடு ஐம்பது அடி போயிருப்பாள். கால்கள் முழங்காலுக்கு மேல் புதைந்தன. இழுக்க இழுக்கப் பூட்ஸுக்குள் சேறு நிறைந்து அவளைப் பிடித்துக்கொண்டது. தூரத்தில் கடல் திரும்பத் தொடங்கியிருந்தது.

நான் கத்திக்கொண்டே இறங்கப் போனேன்.

“இறங்காதீங்க மா! அப்புறம் ரெண்டு பேரையும் யாரு தூக்குறது?”

அப்படியே முன்னால் சாய்ந்து குப்புறப் படுத்தாள். ஒரு காலைப் பூட்ஸிலிருந்து மெல்ல உருவினாள். மற்றதற்கு வெகுநேரம் ஆனது. பிறகு மூச்சு வாங்க அசையாமல் கிடந்தாள்.

அப்போதுதான் அவை வந்தன. ஏறிவரும் தண்ணீர் விரட்டிய பறவைகள், புகைபோல் எழுந்து, ஒரே உடம்பாகத் திரும்பி, வெள்ளையாக மின்னி, மறுபடி கறுத்து, அவளுக்கு இரண்டு பக்கமும் இறங்கின. ஆயிரக்கணக்கில் இருக்கும். என் பிள்ளை அவற்றுக்கு நடுவில் ஒரு சேற்றுக் கட்டி. பயமும் போகவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

தவழ்ந்து கரையேறினாள். ஒரு கையில் சேறு நிரப்பிய குழாய். அதை மட்டும் விடவேயில்லை. அழுதுகொண்டே அவளைத் துடைத்தேன். அவளோ அந்தச் சேற்றைச் சல்லடையில் கொட்டி அலசினாள். நூல்போன்ற புழுக்கள், அரிசியைவிடச் சிறிய சிப்பிகள், நகம் அளவு நண்டு ஒன்று. எல்லாம் உயிரோடு அசைந்தன. ஒரு கைப்பிடிச் சேறுதான் அது.

“சைபீரியாலேர்ந்து பறந்து வருதுங்க மா.”

“இதத் தின்னவா?”

“நீங்க சுங்கை சோலேர்ந்து பூட்ஸ் தூக்கிட்டு வரலையா?”

சிரித்துவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

நாளை மறுபடி போகிறாள். அவளுடைய பூட்ஸ் அந்தச் சேற்றுக்குள்தான் இருக்கிறது. இன்று பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்து ஒரு ஜோடி புதிதாக வாங்கிவந்து, அவளை உட்காரவைத்து நானே கயிற்றை இழுத்துக் கட்டிப் பார்த்தேன்.

“வலிக்குது மா!”

“வலிக்கட்டும்” என்று இன்னொரு முடிச்சுப் போட்டேன்.