மாரிக்கு மூடிவைத்த கரவன்

எங்கள் வீட்டு வளவுக்குள் அந்தக் கரவன் வந்து நின்ற அன்று, ஒழுங்கையால் போன ஒருவர் சைக்கிளால் இறங்கி, "உதென்ன, ஐஸ்கிறீம் வான் இஞ்சையே குடிவந்திட்டுதோ?" என்று கேட்டார். அடுத்து வந்தவர், "படகைக் கவிட்டு வைச்சிட்டுக் கடலைத் தேடுறியளோ?" என்றார். எங்கள் நீர்வேலிச் சனம் ஒரு பொருளைப் பார்த்தால் அதற்கு ஒரு கதை சொல்லாமல் அப்பால் போகாது. ஆனால் இரண்டாமவர் சொன்னதில் பாதி உண்மை. வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் அந்தச் சின்ன வீட்டைச் செய்தவர்கள் கொழும்புத்துறையில் பைபர் படகு செய்கிறவர்கள்தான். செய்வித்தவன் என் மனைவியின் தம்பி. கனடாவில் இருக்கிறான். வருடத்துக்கு ஒரு தரம் ஊருக்கு வந்து, ஊரில் தங்காமல் இலங்கையைச் சுற்றுவதற்கு அவனுக்கு அது தேவைப்பட்டது.

விடுமுறை முடிந்து புறப்படும்போது என் கையைப் பிடித்துச் சொன்னான்.

"அத்தான், விண்டருக்கு இதை உங்களிட்டைத்தான் விட்டிட்டுப் போறன்."

எங்களிடம் விண்டர் என்று ஒன்று இல்லை. மழை கொட்டுகிற மாரி இருக்கிறது. அவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"பைப்பிலை தண்ணி நிக்கக் கூடாது. உறைஞ்சு வெடிச்சிடும்."

நீர்வேலியில் உறைகிற ஒரே பொருள் மார்கழிக் காலையில் போத்தலுக்குள் இருக்கும் தேங்காயெண்ணெய். அதுவும் வெடிப்பதில்லை. இருந்தாலும் தலையாட்டினேன். கனடாவிலிருந்து வந்தவன் சொல்லும்போது தலையாட்டுவது எங்கள் ஊர் உடற்பயிற்சி.

"வெளிப்பக்கம்தான் முக்கியம். ஊத்தை பிடிக்கக் கூடாது, பாசி பிடிக்கக் கூடாது. பிறஷ் போடாதேங்கோ, கீறும். குழந்தைப்பிள்ளையளின்ரை ஷாம்பு போட்டு மெல்லிய துணியாலை. சவுக்காரத் தண்ணியைக் கீழையிருந்து மேலை தேய்க்கவேணும். மேலையிருந்து தேய்ச்சா கோடு விழும்."

பிறகு தமக்கையைப் பார்த்துச் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"அக்கா, அடுத்த முறை வரேக்கை இது இப்பிடியே வெள்ளையா இருந்தா, முதல் பயணம் உங்களைத்தான் ஏத்திக்கொண்டு நுவரெலியா. ஒரு கறை கண்டனெண்டா, செய்த இடத்திலையே கொண்டுபோய் விட்டிடுவன். பயணமும் இல்லை."

என் மனைவி கொழும்புக்கு இரண்டு தரம் போயிருக்கிறாள். இரண்டும் ஆஸ்பத்திரிக்கு. மலை என்று அவள் கண்டது ரிவியில்தான். அடுத்த கிழமையே யாழ்ப்பாணம் போய் ஒரு நாவல் நிறச் சுவெற்றர் வாங்கிவந்து அலுமாரிக்குள் வைத்தாள். வெயில் மண்டையைப் பிளந்த நாட்களில் கதவைத் திறந்து அதைத் தொட்டுப் பார்த்து மூடுவாள்.

அன்றிலிருந்து எங்கள் வாழ்க்கை வேப்பமரத்துக்கு எதிராகத் திரும்பியது. இலை விழுந்தால் பொறுக்கினோம். காகம் எச்சமிட்டால் காய முன்னம் ஓடினோம். செம்மண் சேறு தெறித்தால் துணியை நனைத்து ஒற்றினோம். நானும் போனில் வெள்ளைக்காரர் கரவன் கழுவும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, ஒழுங்கையில் நின்று மெழுகு பூசுவதன் தத்துவத்தை விளக்கும் அளவுக்கு வளர்ந்தேன். பக்கத்து வளவில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் அண்ணை ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, உம்மடை முதுகை உப்பிடி ஆரும் தேய்ச்சு விட்டிருக்கினமோ?"

"இல்லை அண்ணை."

"அதுதான் கேட்டனான்."

மழைக்கு முன் கரவனைக் கழுவி, மெழுகு பூசி, அவன் அனுப்பிய சாம்பல் நிற உறையைப் போடவேண்டும். கழுவினோம், பூசினோம். உறை போட நாள் பார்த்தபோது விஜயதசமி வந்துவிட்டது. வாகனம் என்று ஒன்று வளவில் நிற்கும்போது அதற்குப் பூசை வைக்காமல் மூடுவது எப்படி? சைக்கிளுக்கே சந்தனப் பொட்டு வைக்கிற வீடு எங்களுடையது. பக்கத்து வளவு அண்ணை குலையோடு இரண்டு வாழைகளை வெட்டி, தோளில் வைத்துக்கொண்டு வந்தார். நீர்வேலியில் நல்ல காரியம் என்றால் வாசலில் குலைவாழை நிற்கவேண்டும். கரவனுக்கும் வாசல் இருந்தது. கதவின் இரண்டு பக்கமும் நிமிர்த்திக் கட்டினோம்.

வாழையை வெட்டினால் கயர் வடியும். பார்வைக்குப் பச்சைத் தண்ணீர். வேட்டியில் பட்டால் சில நாளில் மண்ணிறமாகி, அந்த வேட்டி தோட்டத்துக்கு என்று நேர்ந்துவிட்ட மாதிரி. இது எங்கள் ஊரில் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அண்ணை வேட்டியை மடித்துக் கட்டினார். நான் ஒதுங்கி நின்று கயிறு முடிந்தேன். மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். எங்கள் உடுப்பில் ஒரு சொட்டுப் படவில்லை. அவ்வளவும் கரவனில் பட்டது.

குலையோடு நிற்பதை உடனே அவிழ்ப்பது அழகில்லை என்று சில நாட்கள் விட்டுவைத்தோம். பிறகு அவிழ்த்து, தேங்காய் உடைத்து, உறையைப் போட்டோம். முதல் மழை விட்டதும் உறையைக் காயவைக்கக் கழற்றினோம். கதவின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக மண்ணிறக் கோடுகள், கன்னத்தில் கண்ணீர் காய்ந்த மாதிரி.

மனைவி உள்ளே போனாள். அலுமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு செய்யாத வைத்தியம் இல்லை. ஒருவர் தேசிக்காய் என்றார். ஒருவர் மண்ணெண்ணெய் என்றார். பற்பசை மனைவியின் யோசனை. எல்லாவற்றாலும் கயரைச் சுற்றியிருந்த இடம் இன்னும் வெளுத்தது. கயர் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

ஞாயிறுதோறும் மச்சான் வீடியோவில் வந்து கரவனைப் பார்வையிடுவான். நான் போனைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருவேன். கதவடி வரும்போது மனைவி ஒரு சுளகோடு அங்கே நிற்பாள். மறுபக்கக் கோட்டுக்கு உறையைக் காயப்போட்ட மாதிரித் தொங்கவிட்டிருந்தோம்.

"அக்கா, ஏன் எப்பவும் கதவடியிலையே நிக்கிறியள்?"

"இஞ்சைதான்டா உன்ரை முகம் வடிவாத் தெரியுது."

மாரி முழுக்க இப்படியே போனது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் இரண்டொரு தரம் வாயெடுத்தேன். "சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு நீங்கள் என்னை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள். அடுத்த ஞாயிறும் போனைப் பிடித்துக்கொண்டு கரவனைச் சுற்றினேன்.

ஆடியில் அவன் வருகிற நாள் காலையில் அவள் வேலியடிக்குப் போனாள்.

"அண்ணை, குலையோடை இன்னும் ரெண்டு வாழை தாங்கோ."

"என்னத்துக்குப் பிள்ளை, பத்தாமல் இன்னும் கயரோ?"

"முதல் கயருக்கு மருந்து அண்ணை."

அதே இடத்தில், அதே கோடுகளுக்கு மேல், இரண்டு வாழைகளை நெருக்கிக் கட்டினோம். மச்சான் படலையில் இறங்கியவுடன் அசந்துபோனான். கரவனைச் சுற்றி வந்தான். கூரையில் விரலால் தடவிப் பார்த்தான். வெள்ளை. பிறகு வாழைகளுக்கு நடுவில் கதவடியில் நின்றான். படம் எடுக்கச் சொன்னான்.

"அக்கா, இதுதான் எங்கடை பண்பாடு. கனடாவிலை ஒருத்தனிட்டையும் இப்பிடி ஒரு கரவன் இல்லை. அவிழ்க்காதேங்கோ. இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்கோ அத்தான், நுவரெலியா மட்டும் இப்பிடியே போவம்."

இறுக்கிக் கட்டினேன். நாலாம் நாள் வாடகை வானில் கரவனைக் கொழுவிக்கொண்டு புறப்பட்டோம்.

ஆனையிறவுக் காற்றில் வாழையிலைகள் நார்நாராய்க் கிழிந்தன. வவுனியாவில் தேநீருக்கு நிறுத்தியபோது இரண்டு தண்டுகளும் இரண்டு குலைகளும்தான் மிஞ்சியிருந்தன. மச்சான் அவற்றை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பினான். திரும்பியவன் அப்படியே நின்றான்.

"ஐயோ அக்கா, கயர் பிடிச்சிட்டுது."

அந்த வெயிலிலும் என் மனைவி நாவல் நிறச் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு, தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீதானே இறுக்கிக் கட்டச் சொன்னனீ?"

அவன் வண்டிக்குள்ளிருந்து ஒரு துணியும் குழந்தைப்பிள்ளை ஷாம்புவும் எடுத்துவந்து கதவடியில் குந்தினான். கொஞ்ச நேரம் தேய்த்தபின் பரிதாபமாக நிமிர்ந்து பார்த்தான்.

"தேய்ச்சாப் போகுமே அக்கா?"

"போகும், போகும்," என்றாள். "கீழையிருந்து மேலை தேய்."