விஸ்டினின் பல்லும் வெற்றிப் பாட்டும்

விஸ்டினுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் 'அடுத்த வருஷம்'. மால்டாவில் பட்டப்பெயர் இல்லாத மனுஷன் கிடையாது. ஆனால் இவருடையது மே மாதம் வந்தால் மட்டும் சுருக்கென்று குத்தும்.

பெயிண்ட் அடிப்பது அவர் பிழைப்பு. சூசையப்பர் பேண்ட் மன்றத்தில் ட்ரம்பெட் ஊதுவது உயிர். ஐரோப்பியப் பாட்டுப் போட்டி, சொல்லவே வேண்டாம், பைத்தியம். அவர் அரை டிராயரோடு பேண்டில் சேர்ந்த காலத்தில்தான் நம் நாடு முதன்முதலாக அந்தப் போட்டிக்குப் போனது. கடைசி இடம். மறுபடி போனது. மறுபடியும் கடைசி. அப்புறம் நாடே கோபித்துக்கொண்டு பல வருஷம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. விஸ்டின் மட்டும் கோபிக்கவில்லை. நாம் இல்லாத போட்டியையும் இத்தாலி டிவியில் உட்கார்ந்து பார்த்தார். என்ன ஜென்மமோ!

நாடு திரும்பப் போய் மூன்றாம் இடம் வந்ததும் ஊருக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பேண்டை நடத்திய மேஸ்ட்ரோ லீலி அந்தச் சூட்டோடு ஒரு வெற்றிப் பாட்டு எழுதினார். நடுவில் பேண்ட் மொத்தமும் நின்றுவிடும். ட்ரம்பெட் மட்டும் தனியாக ஊத வேண்டும். அந்த இடத்தை விஸ்டினுக்காகவே எழுதினார். கூடவே ஒரு கண்டிப்பும் போட்டார். நாடு ஜெயிக்கிற அன்றைக்குத்தான் அதைக் கோயில் சதுக்கத்தில் வாசிக்கலாம், அதுவரை ஒத்திகைதான். பிறகு அவர் செத்துப்போனார். செத்தவர் வார்த்தையை மாற்ற யாருக்கு வாய் வரும்?

அதனால் போட்டி வருகிற ஒவ்வொரு மே மாதமும் ஒத்திகை நடந்தது, சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு. அந்த வெக்கையில் மூடிவைத்து ஊத முடியுமா? சதுக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மாதா பேண்ட் மன்றம். எங்களுக்கும் அவர்களுக்கும் ஆகவே ஆகாது. ஒரு மன்றத்துப் பாட்டை இன்னொரு மன்றம் தொட்டால் அடிதடிதான்.

மாதா மன்றத்தில் பெரிய டிரம் அடிப்பவன் நார்டு, கறிக்கடைக்காரன். வாய் சும்மா இருக்காது.

"என்ன விஸ்டின், இந்த வருஷமும் பாட்டு வீட்டுக்குள்ளதானா? சமைஞ்ச பொண்ணு மாதிரி பூட்டியே வெச்சிருக்கீங்க."

"அடுத்த வருஷம் பாரு."

பட்டப்பெயர் வந்தது இப்படித்தான்.

ஒரு வருஷம் விஸ்டினுக்கு ஈறு வீங்கி முன்பற்கள் ஆடத் தொடங்கின. பிடுங்கியே ஆக வேண்டும் என்றார் பல் டாக்டர். முன்பல் போனால் ட்ரம்பெட்டும் போச்சு. போட்டி முடிந்த திங்கட்கிழமை வருகிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடித் தவணை வாங்கி வந்தார்.

"ராத்திரி பூரா முனகுறீங்க," என்றாள் மனைவி ஜீஸா, கிராம்புத் தைலத்தைத் தடவிக்கொண்டே. "ஜெயிக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஜெயிக்கும்."

"ஜெயிக்கலைன்னா?"

"அந்தத் தனி வாசிப்பை ஒரே ஒரு தடவை வெளியில ஊதிட்டேன்னா போதும் ஜீஸா. அப்புறம் எல்லாப் பல்லையும் புடுங்கிக்கட்டும்."

மறுநாள் முயல் கறி வாங்கப் போன இடத்தில் ஜீஸா இதை நார்டிடம் கொட்டித் தீர்த்தாள். நார்டு கேலி செய்யவில்லை. கறியை மட்டும் வெட்டிக் கொடுத்தான்.

போட்டி நாள். எங்கள் மன்றத்து டிவி முன்னால் பேண்ட் முழுக்க சீருடையில் தயார். நம் நாட்டுக்கு நாமே ஓட்டுப் போட முடியாது என்பதால், இங்கிலாந்தில் இருக்கிற சித்தப்பா பெரியப்பாவையெல்லாம் கூப்பிட்டு ஓட்டுப் போடச் சொல்லியாகிவிட்டது. நாடுகள் ஒவ்வொன்றாகப் புள்ளி கொடுக்கக் கொடுக்க நாங்கள் மேலே போனோம். விஸ்டின் வாயில் ரத்தம் கசிந்ததைக்கூடத் துடைக்கவில்லை. கடைசி நாடு மட்டும் பாக்கி. அது தன் உச்சப் புள்ளி பன்னிரண்டைத் தூக்கித் தன் பக்கத்து நாட்டுக்காரனுக்குக் கொடுத்தது, அவன் முதலிடம். நாங்கள் இரண்டாம் இடம்.

"சட்டையைக் கழட்டுங்கப்பா," என்றார் எங்கள் மன்றச் செயலாளர்.

விஸ்டின் ட்ரம்பெட்டோடு வெளியே போய்க் கோயில் படியில் உட்கார்ந்தார். அழுதார். ஜீஸா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் டிரம் கேட்டது. நார்டு முன்னால் வர, மாதா மன்றத்துக்காரர்கள் பனியனும் அரை டிராயருமாக, கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். வாசித்தது எங்கள் வெற்றிப் பாட்டு. கையில் ஒரு தாள் இல்லை. அத்தனையும் சன்னல் வழியாகக் கேட்டே பாடம்.

செயலாளர் பாய்ந்து வந்தார். "யோவ் நார்டு, அது எங்க பாட்டுய்யா. ஜெயிக்காம வாசிக்கக் கூடாதுன்னு மேஸ்ட்ரோ சொல்லியிருக்காரு."

"உங்ககிட்டதானே சொன்னாரு. எங்களுக்கு ஒண்ணும் சொல்லலையே."

பாட்டு நடுப்பகுதிக்கு வந்தது. மாதா பேண்ட் மொத்தமும் ஒன்றாக நின்றது. சதுக்கத்தில் சத்தமே இல்லை. நார்டு கோலைத் தூக்கிப் பிடித்தபடி படியைப் பார்த்தான்.

"எவ்வளவு நேரம்யா நிக்கிறது? ஊது."

விஸ்டின் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கோயில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவரை என்ன பாக்குறீங்க? போங்க," என்று ஜீஸா தள்ளிவிட்டாள்.

விஸ்டின் ஊதினார். ஒரு சுரம் பிசிறியது. யாருக்கு வேண்டும் அது? முடிந்ததும் நார்டின் டிரம் விழுந்தது, பின்னாலிருந்து எங்கள் ஆட்களும் ஓடிவந்து சேர்ந்தார்கள். இரண்டு மன்றமும் ஒன்றாக வாசித்ததை எங்கள் ஊர் அன்றைக்குத்தான் கேட்டது.

திங்கட்கிழமை பல் போயிற்று. அடுத்த மே மாதம் ஒத்திகையில் விஸ்டின் கையில் ஜால்ரா. ட்ரம்பெட்டுக்கு வேறு ஆள். போன வருஷம் மாதிரி ஊர்க்கூத்து இனிக் கூடாது என்று செயலாளர் சன்னலைச் சாத்தச் சொன்னார். கீழேயிருந்து நார்டின் குரல் வந்தது.

"சாத்தாதீங்கய்யா, நடுவுல ஒரு இடம் மறந்துபோச்சு."

விஸ்டின் பொக்கை வாயோடு எழுந்து போய்ச் சன்னல் கதவுகளை விரியத் திறந்து வைத்தார்.